சிவப்பு நூல் கையெழுத்துக்கு அத்தாட்சி தேடிய சனிக்கிழமை

என்னிடம் ஒரு துணித்துண்டு இருக்கிறது. ஒரு சாண் நீளம், அரைச் சாண் அகலம், வெள்ளைத் துணி. அதில் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் கையெழுத்து. அது அவருடையதுதான் என்று படித்த ஒருவர் எழுதித் தந்தால்தான் நம்புவார்களாம். அதற்காக இந்த 2009 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமையை ரெய்னர்ஸ் லேனுக்கும் லெஸ்டர் ஸ்குவேருக்கும் நடுவில் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்களில் சிலருடைய அலுமாரியிலும் பழைய கையெழுத்து, படம், கிரிக்கெட் துடுப்பு என்று ஏதாவது இருக்கும். நீங்களும் இப்படி ஒருநாள் புறப்படக்கூடும். நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் துணியின் கதை. அறுபதுகளில் நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தையல் கடையில் வேலை செய்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள், ஆனால் கை சும்மா இருக்காது. ஒருநாள் காலை, சென்னையிலிருந்து விளையாட வந்திருந்த அணியின் சுழற்பந்துக்காரர் ஒருவர் கடைக்கு ஓடி வந்தார். வெள்ளைக் காற்சட்டை பின்பக்கம் பிரிந்துபோயிருந்தது. ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரந்தான். அவரைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு, தைத்துக் கொடுத்தேன். "எவ்ளோம்மா ஆச்சு?" என்றார். காசு வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே, மேசையில் கிடந்த வெள்ளைத் துணி வெட்டில் ஊற்றுப் பேனாவால் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம். பிறகு அவர் இங்கிலாந்தின் வடக்கே பல கோடைக்காலம் விளையாடினார் என்பதையும், அதனால் அவருடைய கையெழுத்து இங்கே விலைபோகிறது என்பதையும் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊற்றுப் பேனா மை ஒரு தோய்ச்சலுக்கே மங்கிவிடும். துணி என்றால் தோய்க்காமல் வைத்திருக்க முடியுமா? அன்று பின்னேரமே சிவப்பு நூல் எடுத்து, மைக்கு மேலே காம்புத் தையல் போட்டுவிட்டேன். அப்போது எனக்கு ஓர் ஆங்கில எழுத்துக்கூடத் தெரியாது. கோலத்தின் மேல் கோலம் போடுவதுபோல, மை போன இடமெல்லாம் ஊசியைக் கொண்டுபோனேன், ஒரு மயிரிழை விலகவில்லை. பின்பக்கம் நூல் தெரிந்தால் அசிங்கம் என்று இன்னொரு துணி வைத்து நாலு பக்கமும் மூடித் தைத்தேன். அந்தத் துணி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து ஜெர்மனி, ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு மகள் குடும்பத்தோடு இங்கே என்று என்னோடேயே வந்தது.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை என் பேத்தி துளசியால் வந்தது. பதினான்கு வயது. இடக்கையால் பந்தைச் சுழற்றுவாள், பள்ளிக்கூட அணியில் பெரிய பிள்ளைகளே அவளுக்கு முன்னால் துடுப்போடு தடுமாறுவார்கள். (பாட்டி புளுகுகிறாள் என்று நினைப்பவர்கள் ஹரோ பக்கம் வந்து பாருங்கள்.) எங்கள் ஊர்ப் பாடசாலைப் பழைய மாணவர் விளையாட்டுக் கழகம் இந்த வருடம் ஆண்டுவிழாவோடு ஒரு கண்காட்சியும் வைப்பதாக அறிவித்தது. சித்திரையில் வைக்கவேண்டிய விழா. அந்த மாதங்களில் ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் எல்லோரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம், விழா எடுக்க யாருக்கும் மனம் இருக்கவில்லை. அதனால் ஒக்டோபருக்குத் தள்ளிப்போனது. துளசி கழகத்துச் செயலாளரிடம் என் துணியைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

செயலாளர் குகன் நல்ல பிள்ளை, கணக்காளர். கழகத்துக் கூட்டத்தில் துணியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அன்ரி, கண்ணாடி அலுமாரிக்குள்ள வைக்கிறதெண்டால் சேர்ட்டிபிக்கட் வேணும். கொமிட்டி முடிவு" என்றான். அவனிடம் இருந்த, யாரோ ஆட்டக்காரர் கையெழுத்திட்ட துடுப்புக்கு, இணையத்தில் வாங்கியதாம், பொன் நிற முத்திரை ஒட்டிய சான்றிதழ் இருந்தது. எனக்கு முத்திரை இல்லை, கண் மட்டுந்தான் இருக்கிறது என்றேன். அவன் சிரித்தான். பக்கத்தில் இருந்த என் சம்பந்தி சிரிக்கவில்லை. "குகன் தம்பி கேக்கிறதிலை என்ன பிழை? நூல் இவ தைச்சது. கையெழுத்து ஆர் போட்டதெண்டு நூல் சொல்லுமே?" என்றா, ஐம்பது பேர் இருந்த மண்டபத்தில்.

சரோஜினி என் மருமகனின் தாய். ஊரில் வங்கியில் வேலை பார்த்தவ. முப்பது வருடம் காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு வைத்துப் பார்த்துப் பழகிய கண், எதையும் நம்பாது. துளசியின் பந்து சுழற்றும் விரல் யாருடைய பக்கத்திலிருந்து வந்தது என்பதில் எங்கள் இருவருக்கும் ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவ சொன்ன அந்த ஒரு வார்த்தையால் நான் இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. கையெழுத்து இருந்தாலென்ன, போனாலென்ன. நான் பொய் சொல்லுகிறேன் என்று ஆகிவிட்டதே!

லெஸ்டர் ஸ்குவேருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தெருவில், பழைய கையெழுத்துகளைச் சரிபார்த்து எழுதிக் கொடுக்கும் கடை ஒன்று இருப்பதை மகள் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நேரம் வாங்கினாள். ஆள் பார்த்துச் சொல்லக் கட்டணம் நாற்பது பவுண்டு, அதன்மேல் பதினைந்து வீத வரி, மொத்தம் நாற்பத்தாறு. மகளுக்கு அன்று வேலை. நான் தனியாகப் போவேன் என்றேன். வெள்ளி இரவு சரோஜினி தொலைபேசி எடுத்தா. சம்பந்திகள் நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

"மச்சாள், நானும் வாறன்."

"ஏன், நான் காசு குடுத்து எழுதுவிப்பன் எண்டு பயமே?"

"அப்பிடியில்லை. உங்கட இங்கிலீசுக்கு ஒரு துணை வேணுமெல்லோ."

ஆக, என்னை நம்பாத ஆளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வழக்கமாக ரெய்னர்ஸ் லேனிலிருந்து லெஸ்டர் ஸ்குவேருக்கு ஒரே ரயில், மாறத் தேவையில்லை, ஐம்பது நிமிடம். ஆனால் நீங்கள் முக்கியமான வேலையாகப் புறப்படும் சனிக்கிழமையில் ரயில் ஓடாது. இது லண்டனில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் பார்க்காமல் வந்துவிட்டேன். நிலையத்து வாசலில் பலகை: தண்டவாள வேலை, அக்டன் டவுன் வரை மாற்றுப் பேருந்து. பத்து மணிக்கு நிலையத்துக்கு வந்தோம். பேருந்து பத்து முப்பத்தைந்துக்கு வந்தது. ஓட்டுநர் எங்கள் ஆள். ஏறும்போதே கேட்டேன்.

"தம்பி, பன்னிரண்டு மணிக்குள்ள சென்ரல் லண்டனிலை நிக்க ஏலுமே?"

"அம்மா, உண்மையைச் சொல்லுறன். இந்த றூட்டிலை நான் இண்டைக்குத்தான் முதல் தரம் ஓடுறன். வழி தெரிஞ்ச ஆக்கள் முன்னுக்கு வந்து இருங்கோ."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தோம். அல்பேர்ட்டன் தாண்டி ஒரு வட்டச் சந்தியை அவன் இரண்டு முறை சுற்றியபோதுதான் விளங்கியது. பின்னால் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்து வந்து, அவனுக்குப் பக்கத்தில் நின்று, இடது, வலது என்று அக்டன் டவுன் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தா. ஜெர்மனியில் ரயில் மூன்று நிமிடம் பிந்தினால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பார்கள். இங்கே பயணியே பேருந்தை நடத்திக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. இறங்கும்போது அவன் "தாங்ஸ் அம்மா, என்னைச் சுகமாய்க் கொண்டுவந்து சேர்த்திட்டியள்" என்று நக்கல் வேறு. பதில் சொல்ல நேரமில்லை.

அக்டன் டவுனில் ரயில் ஏறும்போது பதினொன்று ஐம்பத்தைந்து. லெஸ்டர் ஸ்குவேரில் மேலே வர பன்னிரண்டு இருபத்தைந்து. கடை நிலையத்திலிருந்து நாலு நிமிட நடை. அங்கே போனால், எங்கள் நேரம் போய்விட்டதாம், ஐயா சாப்பிடப் போகிறாராம், இரண்டரைக்கு வரச் சொன்னாள் முன்மேசைப் பெண். ரயில் ஓடவில்லை என்றேன். "எல்லோருக்கும் ஓடவில்லை" என்றாள் சிரித்த முகத்தோடு.

இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது? சொல்லி வைக்கிறேன்: டிரபல்கர் சதுக்கத்தில் இருக்கும் தேசிய ஓவியக் கூடத்துக்குள் போக இலவசம், கழிப்பறையும் இலவசம், துப்புரவு. மழை தூறினால் உள்ளேயே இருக்கலாம். நாங்கள் வெளியே படிக்கட்டில் இருந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன் ரோல்ஸைச் சாப்பிட்டோம். சிங்கச் சிலைகளுக்கு மேலே ஏறிப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சரோஜினி மச்சாள் ரோல்ஸைப் பாதி கடித்துவிட்டு, மெல்லத் தொடங்கினா.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. அண்டைக்கு வந்தவர் அவர்தான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? வேறை ஆரும் ஆட்டக்காரராய் இருந்திருக்கலாமெல்லோ."

"அடுத்த நாள் பேப்பரிலை படம் வந்தது. ஆறு விக்கட் எடுத்தவர். நான் தைச்ச காற்சட்டையோடை நிக்கிறார்."

"காற்சட்டை தெரிஞ்சதோ?"

"என்ர தையல் எனக்குத் தெரியாதே?"

அவ என்னைப் பார்க்காமல் என் மடியில் இருந்த பையைப் பார்த்தா. அந்தப் பார்வை இருக்கிறதே, அது வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வருகிற பார்வை. உங்கள் காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்க்காமல் அட்டையைப் பார்ப்பார்களே, அதேதான். நான் மீதி ரோல்ஸைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

இரண்டரைக்குப் போனோம். மேல்மாடியில் ஒரு சிறிய அறை. எழுபது வயது இருக்கும், ஒல்லியான மனிதர், சிவப்புக் கழுத்துப்பட்டி, கண்ணில் மாட்டும் பெரிதுபடுத்தும் கண்ணாடி. மரியாதையாகத்தான் எழுந்து நின்றார். நான் பையிலிருந்து துணியை எடுத்தேன். உடனே பாய்ந்து தடுத்து, என்னிடம் ஒரு சோடி வெள்ளைக் கையுறை நீட்டினார். வெறும் கையால் தொடக்கூடாதாம். நாற்பது வருடத்துக்கு மேலாக நான் தொட்ட துணி. என் கையளவுக்கு அந்தக் கையுறை பெரிது, விரல் நுனியெல்லாம் தொங்கியது. மாட்டிக்கொண்டு என் சாமானையே களவெடுக்க வந்தவள் மாதிரி நின்றேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, இது எப்படிக் கிடைத்தது. சொன்னேன். சரோஜினி மச்சாள் ஆங்கிலத்தில் சொன்னா, ஒழுங்காகத்தான் சொன்னா. போட்டதை நேரே பார்த்தேன் என்றதும் அவர் பொறுமையாகத் தலையாட்டினார். இங்கே வருகிற எல்லோரும் நேரே பார்த்தவர்கள்தான் என்றார். அவருடைய மேசையில் கிடக்கிற பொய்க் கையெழுத்துகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு நேரே பார்த்த ஆள் உண்டாம்.

இரண்டாவது கேள்வி, துணியை எப்படிப் பராமரித்தீர்கள்.

"தோய்ச்சன்" என்றேன்.

மச்சாள் மொழிபெயர்த்தா. அவர் எத்தனை முறை என்றார்.

"வருசத்துக்கு ஒருக்கா. சித்திரை வருசத்துக்கு முதல், திரைச்சீலையளோடை சேர்த்து. சவர்க்காரம் போட்டு, பேந்து ஸ்திரிக்கை."

அதையும் மொழிபெயர்த்தா. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.  துணியைத் தோய்க்காமல் இருக்கிற சனத்தோடு என்ன கதைப்பது என்று நான் துணியின் ஓரத்தை நீவிவிட்டேன்.

பிறகு அவர் ஒரு கோப்பு எடுத்து, அந்தச் சுழற்பந்துக்காரரின் கையெழுத்துகள் ஐந்தாறு காட்டினார். உருவம் ஒன்றேதான். முதலெழுத்தின் வளைவு, கடைசி எழுத்திலிருந்து பின்னுக்கு ஓடிவரும் கோடு, எல்லாம் என் நூலில் இருந்தது. பார்த்தீர்களா என்று மச்சாளைப் பார்த்தேன். ஆனால் அந்த மனிதர், உருவம் யாரும் பார்த்துச் செய்யக்கூடியது என்றார். பேனாவில் கை அழுந்தும் இடம், விடும் இடம், ஓடும் வேகம், அவைதான் ஓர் ஆளுடையவை. நூலில் அவை இல்லை. எல்லா இடமும் ஒரே தடிப்பு. நூலில் இருப்பது உங்களுடைய கை, அவருடையது அல்ல. நூலுக்குக் கீழே இருக்கும் மையைத்தான் நான் பார்க்கவேண்டும்.

சரி, பின்பக்கத்தைப் பாருங்கள் என்று, கொண்டுவந்த சின்னக் கத்தரியால் உள்துணியின் ஒரு ஓரத்தைப் பிரித்தேன். கையுறையோடு பிரிக்கமுடியவில்லை, கழற்றி எறிந்தேன். ஒரு ஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பழுப்பாக, பரவி, ஆங்காங்கே கோடு. மை இருக்கிறது, பழைய மைதான், கையெழுத்தின் வழியே ஓடுகிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. அவருடையதுதானே? சொல்லமுடியாது என்றார். அப்படியானால் எப்போது சொல்லமுடியும்? முன்பக்கத்து நூலை முழுவதும் எடுத்தால். எடுத்தால் நிச்சயம் சொல்வீர்களா? நிச்சயம் சொல்லமுடியாது, பார்த்தால் தெரியும். தெரியாவிட்டால்? தோளைக் குலுக்கினார். நாற்பத்தாறு பவுண்டு கொடுத்து வாங்கிய தோள் குலுக்கல்.

எனக்கு வந்த கோபத்தை எழுதமுடியாது. பேருந்து, வட்டச் சந்தி, கையுறை, ஊதா விளக்கு, எல்லாவற்றுக்கும் பிறகு இந்த ஆள் என் தையலைப் பிரிக்கச் சொல்கிறார். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் வீட்டுக்குப் போனால், மச்சாள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். குகன் சிரிப்பான். துளசி ஒன்றும் சொல்லமாட்டாள், ஆனால் இனிமேல் அந்தக் கதையை யாருக்கும் சொல்லவும் மாட்டாள். சரி, போகட்டும். துணியை மேசையில் விரித்து, முதலெழுத்தின் முதல் தையலுக்குக் கீழே கத்தரி நுனியை விட்டேன்.  

"விடுங்கோ மச்சாள்."

சரோஜினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டா.

"விடுங்கோ. அதுக்குக் கீழை ஒண்டும் இல்லாட்டி என்ன செய்யப் போறியள்? அவற்றை கையெழுத்தும் போம், உங்கட தையலும் போம்."

"நீங்கள்தானே நூல் சொல்லுமே எண்டு கேட்டனீங்கள்!"

"கேட்டனான்தான். நான் கேப்பன். எங்கட வீட்டு விசயம். இவர் ஆர் பிரிக்கச் சொல்ல?"

அதன்பிறகு அவ அந்த மனிதரின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் தொடங்கினா. எனக்குப் பாதி விளங்கியது, மீதியை ரயிலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முப்பது வருடம் வங்கியில் இருந்தேன், ஐயா. கையெழுத்தில் சந்தேகம் வந்தால் அட்டையைப் பார்ப்போம். ஆனால் வாடிக்கையாளர் நேரே வந்து முன்னால் நின்றால் அட்டையைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்ப்போம். இதோ, ஆள் நேரே வந்து நிற்கிறா.

அவர் யோசித்தார். பிறகு, அம்மா, உங்கள் வாடிக்கையாளர் இவர் அல்ல, கையெழுத்துப் போட்ட அவர் அல்லவா என்றார்.

 அதைக் கேட்டு மச்சாளுக்கு இன்னும் கோபம். என் துணியை அவவே மடித்தா, கையுறை இல்லாமல்.

கடைசியில் அந்த மனிதர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மரியாதையான தாள், தடிப்பானது. வெள்ளைப் பருத்தித் துணி. மிகவும் நேர்த்தியான கைத்தையல், தைத்தவர் நேரில் உறுதிப்படுத்தினார். கீழே மை அடையாளம் உண்டு. கையெழுத்திட்டவர் யார் என்பது உரிமையாளரின் கூற்று. அவ்வளவுதான். நான் அவருடைய கையெழுத்துக்கு அத்தாட்சி கேட்டுப் போனேன், என் தையலுக்கு எழுதித் தந்துவிட்டார். என் தையலில் எனக்கு எப்போது சந்தேகம் வந்தது?

திரும்பும்போது அதே மாற்றுப் பேருந்து, வேறு ஓட்டுநர், வழி தெரிந்தவர். வீடு வர ஆறு மணி. வழியெல்லாம் மச்சாள் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டு வந்தா. சௌத் ஹரோவில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, "எண்டாலும் மச்சாள், அந்தக் கடைசிக் கோடு கொஞ்சம் நீளம்போலை" என்றா. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளி இரவே ரயில் ஓடுமா என்று பாருங்கள். நேரம் வாங்கினால் ஒரு மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள், ஐந்து நிமிடம் பிந்தினாலும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வைப்பார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. மற்றவர்கள் பேருந்துக்கு ஒய்ஸ்டர் அட்டையில் ஒரு பவுண்டு கொடுத்தால் போதும், காசாகக் கொடுத்தால் இரண்டு. ரயிலுக்குத் தூரத்தைப் பொறுத்து. கையெழுத்துள்ள துணியைத் தோய்க்காதீர்கள், கடதாசியைப் பிளாஸ்ரிக் உறை ஒட்டி மூடிவிடாதீர்கள், சட்டம் போடுவதற்கு முன் பசை தடவாதீர்கள். வாங்கிய அன்றே யாரிடம், எங்கே என்று ஒரு படமாவது எடுத்து வையுங்கள். கட்டணம் கொடுப்பதற்கு முன், என்ன எழுதித் தருவீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. சாப்பாடு கொண்டுபோங்கள், அந்தப் பக்கத்துக் கடைகளில் ஒரு சாண்ட்விச் வாங்கினாலும் வயிறு எரியும்.

எட்டு நாள் கழித்து ஞாயிறு கண்காட்சி. அந்தத் தாளைக் குகனிடம் கொடுத்தேன். அவன் மேலே இருந்த கடையின் பெயரைப் பார்த்ததும், "பெரிய இடம் அன்ரி, இது காணும்" என்று அலுமாரியைத் திறக்கப் போனான். வாசிக்கவே இல்லை. வாசி என்றேன். வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். இதை வைத்துக்கொண்டு அலுமாரிக்குள் வைக்கமுடியாது என்றான். சரி, வேண்டாம், ஒரு மேசை தா என்றேன். அவன் வாசல் பக்கமாக ஒரு சின்ன மேசை போட்டுக் கொடுத்தான். துணியை விரித்துவைத்தேன். பக்கத்தில் அந்தத் தாளையும் வைத்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரு கதிரை இழுத்துப்போட்டு மேசைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். கேட்கிறவன் என்னிடம் கேட்கட்டும்.

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். கேட்டார்கள், கேட்டார்கள், ஓயாமல் கேட்டார்கள். இது உண்மையா, எப்படி நம்புவது, ஏன் தைத்தீர்கள், நூல் எந்தக் கடை. பதினொன்றரைக்கு எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அப்போது சரோஜினி மச்சாள் ஒரு கையில் தேத்தண்ணீரும் மறுகையில் இன்னொரு கதிரையுமாக வந்தா. கதிரையை மேசைக்கு மற்றப் பக்கம் போட்டு இருந்துகொண்டா.

கொஞ்ச நேரத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்து, தாளை வாசித்து, துணியைக் குனிந்து பார்த்தார்.

"இது மெய்யாய் அவற்றை கையெழுத்தோ?"

நான் வாய் திறக்க முதல் மச்சாள் சொன்னா.

"ஓம். அவர் போட்டதை இவ பாத்தவ."

"நீங்களும் பாத்தனீங்களோ?"

"இல்லை" என்றா. "நான் இவவைப் பாத்தனான்."